பெரிய டயர் போட்ட பிறகு பிரேக் பிடிக்காமல் போன பிக்கப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி ஒரு டபுள் கேபின் பிக்கப். நான்கு சக்கர ஓட்டம் உண்டு, ஏபிஎஸ் (மிதிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய மாடல். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம், பின் அச்சைத் தாங்குவது கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). உரிமையாளர் நில அளவை வேலை செய்பவர். கருவிகளும் பெட்டிகளுமாக வண்டியின் பின்னால் எப்போதும் ஏறத்தாழ 350 கிலோ இருக்கும். ஓடுவதில் பாதி மண் பாதை, மீதி மலை ஏறி இறங்கும் தார் ரோடு.

கம்பெனியில் வந்த டயர் 245/70ஆர்16. 45,000 கிலோமீட்டரில் முதல் முறையாக முன் பிரேக் பேட் மாற்றியிருக்கிறார். அதே சமயத்தில்தான் வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டும் ஆசையும் வந்திருக்கிறது. 265/75ஆர்16 அளவில் முரட்டுப் பட்டன் வைத்த ஆல் டெரெய்ன் டயர், அது உரசாமல் இருக்க 50 மிமீ உயரம் கூட்டும் புதிய கமான் பட்டையும் முன் ஸ்பிரிங்கும், முன்னால் வின்ச்சோடு ஓர் இரும்பு பம்பர். எல்லாம் வேறொரு இடத்தில் ஒரே வாரத்தில் முடிந்த வேலை. பிரேக்கை யாரும் தொடவில்லை.

அதன் பிறகு மாட்டிய பேட் 26,000 கிலோமீட்டரில் தீர்ந்தது. அடுத்த செட் 19,000 கூடத் தாண்டவில்லை. "டயர் பெருசு, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொல்ல, அவரும் அதை நம்பிவிட்டார். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததற்குக் காரணம் பேட் தேய்மானம் இல்லை. ஒரு மலை இறக்கம்.

அந்த இறக்கத்தில் நடந்தது

ஏறத்தாழ 11 கிலோமீட்டரில் 600 மீட்டர் உயரம் இறங்கும் பாதை. அவர் வழக்கம்போல மூன்றாவது கியரில் இறங்கியிருக்கிறார். பாதி வழியில் கருகல் வாடை. அதற்கடுத்த சில கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு அண்ணே, மிதிக்க மிதிக்க வண்டி மட்டும் நிக்கல" என்றார். அடிவாரம் நெருங்கும்போது நிலைமை தலைகீழானது. இப்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. நல்லவேளையாக ரோட்டோரம் மேடாகக் கிடந்த சரளைப் பரப்பில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறார். இருபது நிமிடம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் எதுவுமே நடக்காதது போலப் பழையபடி இருந்ததாம்.

இதை அவரிடம் மூன்று முறை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தோம். காரணம், இது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி டிஸ்க்கைப் பற்றும் தன்மையை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாக அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து லைனுக்குள் ஆவியாகியிருக்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதி முழுக்க அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடுவதால் பெடலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும்போது வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். இந்த மாதிரிப் புகாரைப் "பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது இதனால்தான்.

வந்தபோதே அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். முன்பக்கத்துக்குப் பெரிய டிஸ்க்கும், பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பெரிய காலிப்பரும் கொண்ட கிட் மாட்ட வேண்டும். டயரை மாற்றச் சொல்லக் கூடாது.

கணக்கு என்ன சொன்னது

ஜாக்கி போடும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். பழைய டயரின் விட்டம் 749 மிமீ, புதியது 804 மிமீ. 7.3 சதவீதம் அதிகம். ஆரத்தில் 27 மிமீ.

இது பிரேக்குக்கு என்ன செய்யும்? காலிப்பர் டிஸ்க்கைப் பிடிக்கும் இடம் சக்கரத்தின் மையத்திலிருந்து அதே தூரத்தில்தான் இருக்கிறது. ரோடு டயரைப் பிடித்துத் திருப்பும் இடம்தான் 27 மிமீ தள்ளிப் போய்விட்டது. நீளமான ஸ்பானர் போட்டால் நட்டு சுலபமாகத் திரும்பும் அல்லவா, இப்போது அந்த நீளமான ஸ்பானர் ரோட்டின் கையில் இருக்கிறது. அதே அளவு மிதித்தால் ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை 6.8 சதவீதம் குறையும். பழையபடி நிற்க 7.3 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும்.

அடுத்தது எடை. பழைய டயர் ஒன்று 15 கிலோ, புதியது 23. சுழலும் எடை பிரேக்கைக் கொன்றுவிடும் என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். டயரின் எடையில் பெரும்பகுதி வெளி விளிம்பில் இருப்பதால், கூடுதலாக ஏறிய ஒவ்வொரு கிலோவையும் நிறுத்துவது வண்டியில் ஏற்றிய கிட்டத்தட்ட இரண்டு கிலோவை நிறுத்துவதற்குச் சமம் என்பது உண்மைதான். நான்கு டயருக்கு 32 கிலோ, அதைக் கிட்டத்தட்ட 60 என்று வைத்துக்கொள்ளலாம். எடைமேடையில் ஆளும் சுமையுமாக இந்த வண்டி 2,450 கிலோ காட்டியது. ஆக அது இரண்டரை சதவீதம். பயமுறுத்தும் அளவு இல்லை.

மூன்றாவதாக வேகம். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டபோது மீட்டர் 60 காட்டுகையில் வண்டி உண்மையில் 63-ல் போனது. பழைய டயரில் அதே 60-க்கு உண்மை வேகம் 59 தான், ஏனென்றால் கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். நான்கு கிலோமீட்டர் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 7.3 சதவீதம் வேகம் கூடினால் ஆற்றல் 15 சதவீதம் கூடும். டிரைவரின் கண்ணுக்கு அதே 60, பிரேக்குக்கு ஒவ்வொரு முறையும் 15 சதவீதம் கூடுதல் வேலை. எடையைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

நான்காவதாக, கியர். பெரிய டயர் போட்டால் எல்லா கியரும் கொஞ்சம் உயர்ந்துவிட்டதற்குச் சமம். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசையும் அதே 7 சதவீத வாக்கில் குறைந்துவிடும். குறைந்ததை பிரேக்தான் சுமக்க வேண்டும். இறக்கத்தின் பாரம் எவ்வளவு என்று ஒரு கணக்கு: 2,450 கிலோ வண்டி 600 மீட்டர் இறங்கினால் 14,400 கிலோஜூல் ஆற்றலை எங்காவது தள்ளியாக வேண்டும். 60 கிமீ வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வெளியாகும் வெப்பம் 340 கிலோஜூல். அதாவது அந்த 11 கிலோமீட்டர், தொடர்ச்சியாக 42 முறை முழுசாக நிறுத்தியதற்குச் சமம். காற்றுத் தடையும் எஞ்சினும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுக்க பிரேக்கின் தலையில்தான்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தாலும் 45,000 ஓடிய பேட் 19,000-ல் தீர்வதற்குக் காரணம் கிடைக்கவில்லை. மீட்டர் குறைத்துக் காட்டிய தூரத்தைத் திருத்தினால் 26,000 என்பது 27,900 ஆகிறது, 19,000 என்பது 20,400 ஆகிறது. அப்போதும் கணக்கு உதைத்தது. டயரைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வந்தது இந்தத் தாளில்தான்.

கழற்றிப் பார்த்தபோது

முன் இடது காலிப்பரில் உள் பேட் 2 மிமீ, வெளி பேட் 5 மிமீ. வலது பக்கம் இரண்டும் ஏறத்தாழ சமம், மூன்றரையும் நான்கும். இடது காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஸ்லைடு பின் ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. ரப்பர் பூட் கிழிந்து உள்ளே சேறு இறங்கிக் காய்ந்திருந்தது. பின்னைக் கையால் இழுத்தால் அசையவே இல்லை, சுத்தியல் தேவைப்பட்டது. இரண்டு பேட் செட் மாற்றியவர்களில் ஒருவர்கூட இதைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறோம். டிஸ்க் இரண்டிலும் நீலம் பாய்ந்த திட்டுகள், மயிரிழை விரிசல்கள். பேட்டின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது.

பிரேக் ஆயில் கருத்திருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று உரிமையாளருக்கு நினைவில்லை. மூடியில் டாட் 3 (பிரேக் ஆயிலின் தர வகை) என்றிருந்தது, டெஸ்டர் மூன்று சதவீதத்துக்கு மேல் தண்ணீர் காட்டியது. டாட் 3 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது தர அளவு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அது 140 டிகிரிதான். மலையடிவாரத்தில் பெடல் அமுங்கியதற்கு விடை இங்கே இருந்தது.

பிறகு பின் டிரம்மைக் கழற்றினோம். 90,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட மாற்றாத ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் பட்டை), புதிதில் 5 மிமீ இருந்திருக்கும், இப்போதும் 4 மிமீக்குக் குறையவில்லை. டிரம்முக்குள் கையை விட்டுத் தடவினால் வழுவழுப்பு இல்லை, மெல்லிய துருப் படலம் விரலில் ஒட்டியது. தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே தாராளமான இடைவெளி. அதை மறைக்க யாரோ ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்கி வைத்திருந்தார்கள். அப்படி முறுக்கினால் அட்ஜஸ்டர் வேலை செய்ய வழியே இல்லாமல் போகும், ஆனால் ஹேண்ட் பிரேக் மட்டும் கெட்டியாக இருக்கும்.

உரிமையாளர் பக்கத்தில் நின்று, "பின் ஷூ இன்னும் புதுசு மாதிரியே இருக்கு பாருங்க" என்று பெருமைப்பட்டார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. தேயாத பிரேக் என்றால் உழைக்காத பிரேக். பின்பக்கம் செய்ய வேண்டிய வேலையை முன்பக்கம் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது.

ஏன் பின்பக்கம் உழைக்கவில்லை

அட்ஜஸ்டர் மட்டும் காரணமாக இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலையோடு இந்தக் கதை முடிந்திருக்கும். அதைச் சரிசெய்து, பின் பிரேக் லைனில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்தோம். முன் லைனில் 70 பார் ஏறும் அளவுக்கு மிதித்தாலும் பின் லைன் 18 பாரைத் தாண்டவில்லை. அதுவும் 350 கிலோ சுமையோடு. இந்த அச்சு எடைக்கு வண்டியின் சர்வீஸ் புத்தகம் கேட்பது இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். சுமை உணர் வால்வு. ஒர்க்‌ஷாப்பில் எல்எஸ்பிவி என்பார்கள். பின்னால் சுமை ஏறினால் உடம்பு கீழே அமுங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். சுமை இல்லாவிட்டால் உடம்பு எழும்பி நிற்கும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வால் சுழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வால்வுக்கு எடை தெரியாது. உயரம்தான் தெரியும்.

இந்த வண்டியின் உடம்பை 50 மிமீ தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வால்வைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் காலி. போதாததற்குப் புதிய கமான் பட்டை பழையதைவிட முறுக்கானது, 350 கிலோ ஏற்றினாலும் முன்போல அமுங்குவதில்லை. சுமையோடு மலை இறங்கும்போதும் பின்பக்கத்துக்குக் காலி வண்டிக்கான அழுத்தம்கூட முழுதாகப் போய்ச் சேரவில்லை. பழி முழுக்க டயர் மேல் விழுந்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்தது டயர்தான். பாதிக்கு மேல் காரணம் டயருக்கு இடம் தரச் செய்த உயரத்தில் இருந்தது.

எடுத்த முடிவுகள்

பெரிய டிஸ்க் கிட்டை வேண்டாம் என்றோம். உரிமையாளருக்குப் பிடிக்கவில்லை, அரை மணி நேரம் வாதம் நடந்தது. எங்கள் காரணம் இது: ஏபிஎஸ் இல்லாத இந்த வண்டியில், பளு ஏற்றி அழுத்தி மிதித்தபோது முன் சக்கரங்கள் ஏற்கெனவே லாக் ஆகின்றன. லாக் ஆகும் சக்கரத்துக்கு மேலும் பிரேக் பலம் கொடுத்து என்ன பயன்? இன்னும் சீக்கிரமாக லாக் ஆகும், அவ்வளவுதான். முன்பக்கப் பங்கு மேலும் கூடும், சோம்பிக் கிடக்கும் பின்பக்கம் சோம்பியே கிடக்கும். பெரிய காலிப்பர் பிஸ்டன் அதிக ஆயில் கேட்கும், பெடல் இன்னும் கீழே இறங்கும். பெரிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும் என்பது சரியான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருப்பது ஒழுங்காக வேலை செய்யாதபோது அதன் மேல் இன்னொன்றைக் கட்டினால் எது எதனால் என்று பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அவர் கொட்டகையில் பழைய சக்கரங்களை அப்படியே வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. முதலில் வண்டியை வந்த நிலையிலேயே அளப்பது, பிறகு பழுது பார்ப்பது, பிறகு பெரிய டயரிலும் பழைய டயரிலும் மறுபடி அளப்பது, டயரைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம் என்று ஒப்புக்கொண்டோம்.

வேலை என்று பார்த்தால் புதிய முன் டிஸ்க், தரமான பேட், இரண்டு காலிப்பருக்கும் புதிய ஸ்லைடு பின்னும் பூட்டும். பின்னால் அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்தி, ஷூவை டிரம்மோடு சேர்த்து வைத்து, அதற்கப்புறம் கேபிள். இந்த வரிசை மாறக் கூடாது. பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி டாட் 4 ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே வகை கிளைக்கால் ஆயில் என்பதால் இந்த மாற்றத்தில் சிக்கல் இல்லை. புதிதில் 230, தண்ணீர் சேர்ந்தாலும் 155 என்பது டாட் 4-க்கு உரிய குறைந்தபட்ச அளவு. மீட்டருக்குத் திருத்தும் கருவி ஒன்றும் மாட்டினோம்.

எங்கள் தவறு

வால்வில் ஒரு பிழை செய்தோம், அதை விட்டுவிட்டு எழுதினால் ஆய்வாக இருக்காது.

உயரம் 50 மிமீ கூடியது என்பதால் வால்வுக் கம்பியின் பிராக்கெட்டை முதலில் கண் அளவில் இறக்கிப் பூட்டினோம். பிரஷர் மீட்டர் நல்ல எண் காட்டியது, திருப்தியாக இருந்தது. சுமையை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் சோதிக்கும் யோசனை எங்களில் இளையவருக்குத்தான் வந்தது. ஈரமான முற்றத்தில் 30 கிமீ வேகத்தில் மிதித்தார். பின் சக்கரம் இரண்டும் முதலில் லாக் ஆகி, வால் கால்வாசி வட்டம் சுழன்று நின்றது. முற்றம் காலியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ரோட்டில் 80-ல் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குறைவாக வேலை செய்யும் பின் பிரேக் வண்டியை நீண்ட தூரம் கொண்டுபோகும். அளவுக்கு மீறி வேலை செய்யும் பின் பிரேக் வண்டியைத் திருப்பிப் போடும். இரண்டாவது ஆபத்து முதலாவதைவிட மோசம். மறுநாள் எடைமேடையில் பின் அச்சைக் காலியாகவும் சுமையோடும் தனித்தனியாக எடை போட்டு, சர்வீஸ் புத்தகத்தின் அழுத்த எல்லைக்குள் இரண்டு நிலையும் விழும்படி கம்பி நீளத்தை நான்கைந்து தடவை மாற்றி அமைத்தோம். அன்று முழுவதும் அதற்கே போனது. கமான் பட்டை முறுக்கானது என்பதால் காலிக்கும் சுமைக்கும் இடையே உயர வித்தியாசம் குறைவு, இரண்டு எல்லைக்கும் பொருந்தும் இடம் குறுகலாகத்தான் கிடைத்தது. முழுச் சுமையில் எண் எல்லையின் கீழ் விளிம்பில் நிற்கிறது. காலி வண்டியின் பாதுகாப்புக்காக அதை அப்படியே விட்டோம்.

அளவுகள்

போக்குவரத்து இல்லாத நேரான தார்ப் பரப்பில், 350 கிலோ சுமையோடு, ஜிபிஎஸ்ஸில் உண்மையான 60 கிமீ வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை நிறுத்தி, டேப்பால் அளந்தோம்.

வந்த நிலையில் சராசரி 27 மீட்டர். வண்டி வலது பக்கம் இழுத்தது. ரோட்டில் முன் சக்கரங்களின் கறுப்புக் கோடுகள் மட்டும் விழுந்தன, வலது கோடு நீளம், இடது கோடு குட்டை. இறுகிய ஸ்லைடு பின்னின் கையெழுத்து அது. பழுது பார்த்த பிறகு, அதே பெரிய டயரில், 21.5 மீட்டர். பழைய டயரை மாட்டியபோது 20.5 மீட்டர்.

காய்ந்த ரோட்டில் டயரின் பங்கு ஒரு மீட்டர். மற்ற ஐந்தரை மீட்டரும் ஸ்லைடு பின், பழைய பேட், அட்ஜஸ்டர், வால்வு ஆகியவற்றின் பங்கு. சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்கு பிரேக்கில் பலம் இருக்கும்வரை அவசரத்தில் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது ரப்பரும் ரோடும்தான் என்பதோடு இது ஒத்துப்போகிறது. பெரிய விட்டம் கேட்பது கூடுதல் மிதி. அதைக் கால் உணரும், டேப் உணராது.

ஆனால் டயரை முழுக்க விடுதலை செய்துவிட முடியாது. பரப்பில் தண்ணீர் அடித்து இதையே திரும்பச் செய்தபோது பெரிய டயர் 29 மீட்டர் எடுத்தது, பழையது 25.5. பழைய டயர் வயதாகிக் கெட்டியானது, அதுவும் கொட்டகையில் கிடந்தது. அப்படியிருந்தும் மூன்றரை மீட்டர் முன்னால் நின்றது. முரட்டுப் பட்டன் டயர் மண்ணில் கவ்வும். ஈரத் தார் ரோட்டில் தரையைத் தொடும் ரப்பர் அதற்குக் குறைவு, கலவையும் பெரும்பாலும் வெட்டுப்படாமல் இருப்பதற்காகச் செய்தது. பிரேக்கில் எதைச் சரிசெய்தாலும் இந்த மூன்றரை மீட்டர் திரும்பி வராது. இதை உரிமையாளரிடம் தனியாக, அழுத்தமாகச் சொன்னோம்.

வெப்பத்தையும் பார்த்தோம். 60-லிருந்து அடுத்தடுத்து ஆறு முறை நிறுத்தி உடனே இன்ஃப்ராரெட் கருவியால் அளந்தால், வந்த நிலையில் முன் வலது 290 டிகிரி, முன் இடது 230, பின் டிரம் 55. பழுது பார்த்த பிறகு முன்னால் இரண்டும் 225-ஐ ஒட்டி, பின்னால் 115. டிரம்முக்கு வெளியே அளக்கும் எண் உள் வெப்பத்தை முழுதாகக் காட்டாது என்றாலும், பின்பக்கம் வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அது போதும்.

பிறகு

உரிமையாளர் பெரிய டயரையே வைத்துக்கொண்டார். இறக்கத்தில் மூன்றாவது கியருக்குப் பதில் இரண்டாவது கியர், மழையில் முன்னால் போகும் வண்டியோடு கூடுதல் இடைவெளி என்று இரண்டு விஷயத்துக்கு ஒப்புக்கொண்டார். மாற்றங்களைப் பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் தெரிவிக்கச் சொன்னோம், செய்ததாகச் சொன்னார்.

திருத்திய மீட்டரில் 12,000 கிலோமீட்டர் ஓடி வந்தபோது முன் பேட்டைக் கழற்றி அளந்தோம். 11 மிமீயில் 2.6 தேய்ந்திருந்தது. நான்கு பேட்டும் அரை மிமீ வித்தியாசத்துக்குள். 3 மிமீயில் மாற்றுவது என்று வைத்தால் 37,000 வரை போகும். பழைய 45,000 திரும்பவில்லை. பம்பர், வின்ச், டயர் எடை, உயர்ந்த கியர் இவற்றின் விலை அந்த 8,000. பின் ஷூ முதல் முறையாகத் தேயத் தொடங்கியிருந்தது. இந்த முறை அவர் அதைப் பார்த்துக் கவலைப்பட்டார், நாங்கள் மகிழ்ந்தோம்.

அதே மலையில் பலமுறை இறங்கியிருக்கிறார். கருகல் வாடை வரவில்லை என்கிறார். நாங்கள் நேரில் கூடப் போய் அளக்கவில்லை, அதனால் இது அவர் வாய்மொழி மட்டுமே.

இனி மாற்றிக்கொள்வது

கமான் பட்டையோ ஸ்பிரிங்கோ மாற்றி உயர்த்திய பிக்கப் எது உள்ளே வந்தாலும், என்ன புகாராக இருந்தாலும், படுத்து அந்த வால்வுக் கம்பியைப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பேட் மாற்றும்போது பழைய பேட்டைத் தூக்கிப் போடும் முன் உள், வெளி இரண்டையும் வெர்னியரில் அளந்து சர்வீஸ் அட்டையில் எழுதுகிறோம். இதை யாராவது முன்பே செய்திருந்தால் 26,000-ல் தீர்ந்த செட்டிலேயே ஸ்லைடு பின் அகப்பட்டிருக்கும்.

ஈர ரோட்டுச் சோதனையைக் கடைசியில் செய்தது தவறு. வந்த நிலையில் ஈரத்தில் அளக்கவே இல்லை, அதனால் பழுது பார்த்தது ஈரத்தில் எவ்வளவு உதவியது என்று சொல்ல எண் இல்லை. வால்வைக் காலி, சுமை இரண்டிலும் அளக்காமல் சாவியைக் கொடுப்பது இனி கிடையாது. டயர் பெரிதான வண்டியில் ஆயில் மாற்றும் கெடு, பேட் ஆயுள் எல்லாவற்றையும் மீட்டரை நம்பிச் சொல்லாமல் முதலில் ஜிபிஎஸ்ஸோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறோம்.

இந்த டயர் தேய்ந்ததும் 265/70ஆர்16 போடலாமா என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். விட்டம் 777 மிமீ, கம்பெனி அளவைவிட 3.7 சதவீதம்தான் அதிகம், பாதித் தொல்லை குறையும். ஈர ரோட்டுக்கு ஏற்ற பட்டன் எது என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறோம். அன்று மீட்டர் கருவியை மறுபடி திருத்த வேண்டும். வால்வைத் தொட வேண்டியதில்லை, அது அளப்பது அச்சுக்கும் உடம்புக்கும் இடையிலான உயரத்தை, டயரை அல்ல. ஆனால் புதிய கமான் பட்டை ஓட ஓடக் கொஞ்சம் படியும், படிந்தால் வால்வு மறுபடி வேறு எண் காட்டும். அடுத்த சர்வீஸில் பிரஷர் மீட்டர் மாட்ட வேண்டும் என்று அட்டையின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.